ஏழில் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

"மரம் நடுகிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுத்தான் என்னை இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தியிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விவசாய பாடம் படிப்பித்தவள் நான். நல்ல வார்த்தை சொல்லிப் பழகியதைவிடப் புள்ளி குறைத்துப் பழகியதுதான் அதிகம். ஆகவே வார்த்தைக்கு முதல் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன்.

1977ஆம் ஆண்டு ஜூன் 5. கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபி. அங்கே கமுகுஞ்சி என்று ஒரு பூங்கா. வங்காரி மாத்தாய் என்ற பெண்ணும் இன்னும் கொஞ்சப் பேரும் ஊர்வலமாய்ப் போய் அந்தப் பூங்காவில் ஏழு மரம் நட்டார்கள். வெவ்வேறு இனக்குழுக்களில் பிறந்து மறைந்த ஏழு முன்னோர்களின் ஞாபகத்துக்கு, ஆளுக்கொரு மரம். அந்த ஏழில் ஐந்து செத்துப்போயின. இரண்டுதான் மிஞ்சின.

ஏழுக்கு இரண்டு என்றால் நூற்றுக்கு 28 சொச்சம் புள்ளி. எங்கள் சாதாரணதரப் பரீட்சையில் சித்தி என்று போடுவதற்கே 35 வேண்டும். நான் திருத்தியிருந்தால் சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த இரண்டு மரத்திலிருந்து புறப்பட்ட இயக்கம், 2004இல் அந்த அம்மாவுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைக்கிறபோது, 3 கோடிக்கு மேற்பட்ட மரங்களை நட்டிருந்தது. இப்போது 5 கோடியைத் தாண்டிவிட்டது. நோபல் சமாதானப் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்தான்.

இந்த 3 கோடி, 5 கோடியை நான் இன்றைக்குப் பெரிதாய்ச் சொல்லப் போவதில்லை. செத்துப்போன ஐந்தைப் பற்றித்தான் என் கதை. ஏனென்றால் நானும் கன்று சாக்காட்டியவள்.

சில வருஷத்துக்கு முன்னால், என்னிடம் படித்த பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு குழுவாய் இயங்கத் தொடங்கினார்கள். எங்கள் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பிள்ளைகளும் உண்டு, மேற்கே படுவான்கரைப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாரும். ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். பதாகை அடித்தாயிற்று, தொப்பி வந்தாயிற்று, கன்று வந்தாயிற்று. ஒரு அலுவலகத்திலிருந்து அதிதியும் வந்தார். றோட்டோரம் நெடுக, இருநூறுக்குக் கிட்டக் கன்று. வேம்பு, மருது, நாவல், கொஞ்சம் மகோகனி. முதல் கன்றை நட்டுப் பேசியதும் நான்தான். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. கைதட்டினார்கள் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.

ஆவணியில் அந்த வழியால் பஸ்ஸில் போனேன். குச்சிகள் நின்றன. சில இடத்தில் குச்சியும் இல்லை. பதாகை மட்டும் ஒரு மின்கம்பத்தில் ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றுக்கு அடித்துக்கொண்டு கிடந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், ஆடு வளர்க்கிறவள், என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டாள்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க நட்டது மரமா, எங்கட ஆட்டுக்கு இலையா?"

நான் கோவிக்கவில்லை. வெட்கமாய் இருந்தது. விவசாய பாடம் படிப்பித்தவளுக்குத் தெரிய வேண்டாமா, ஜூன் மாதம் மட்டக்களப்பில் என்ன காற்று அடிக்கும் என்று?

கச்சான் காற்று. வெளியூர் நேயர்கள் கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைக்க வேண்டாம். தென்மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கி வருகிற வறட்காற்று அது. வைகாசி, ஆனி, ஆடியில் முற்றத்தில் காயப்போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று ஆகும். உதடு வெடிக்கும். கிணறு அடிக்கு இறங்கும். எங்களுக்கு மழை தருகிறது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசியில் தொடங்கித் தைவரைக்கும். ஆனியில் ஒரு பிஞ்சுக் கன்றைக் கொண்டுபோய்த் தார் றோட்டு ஓரத்தில் நடுகிறது, பச்சைக் குழந்தையை மணலில் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற மாதிரி.

கென்யாவில் கதை வேறு. அங்கே நீண்ட மழைக்காலம் மார்ச்சிலிருந்து மே வரை. ஜூன் 5 என்றால் நிலம் குளித்துத் தலை துவட்டுகிற நேரம். எங்களுக்கு அதே திகதி அடுப்பு மூட்டுகிற நேரம். திகதி உலகத்துக்குப் பொதுவாய் இருக்கலாம், மழை அப்படி இல்லையே. வடக்கில் மாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று வைத்தார்கள். மெத்தச் சரியான வேலை. கிழக்கில் நாங்கள் இன்னும் ஜூனில் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறோம்.

சரி, வங்காரி அம்மாவுக்கு வருவோம்.

1940 ஏப்ரல் 1ஆம் திகதி, கென்யாவின் நியேரி பக்கத்தில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தார். சின்னப் பிள்ளையாய் இருக்கிறபோது தாய் அவருக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கிக் கொடுத்தார். விதை போடுவார். மறுநாள் தோண்டி எடுத்து முளைத்துவிட்டதா என்று பார்ப்பார். தாய் கண்டுவிட்டு, எடுக்காதே பிள்ளை, மூடிவிடு, அது தன்பாட்டில் செய்யும் என்பாராம். நான் வகுப்பில் பயறு முளைக்கப் போடக் கொடுத்தால் இரண்டு பிள்ளையாவது இதே வேலை பார்க்கும். பஞ்சை விலக்கி விலக்கிப் பார்த்தே வேரைப் பிடுங்கிவிடும். கென்யாப் பிள்ளையும் கன்னங்குடாப் பிள்ளையும் இதில் ஒன்றுதான்.

அவருடைய ஊரில் ஒரு பெரிய அத்தி மரம் நின்றது. அந்த மக்கள் அதை முகுமோ என்பார்கள். அதன் அடியில் சுள்ளி பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்று தாய் சொல்லி வைத்திருந்தார். அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று. தண்ணீர் அள்ளப் போகிற சிறுமி தவளை முட்டைகளைப் பாசிமணி என்று நினைத்துக் கழுத்தில் போடப் பார்ப்பாள். தூக்கினால் அறுந்து போகும். பிறகு பார்த்தால் தண்ணீர் முழுக்கத் தவளைக் குஞ்சுகள். வளர்ந்து, படித்து, திரும்பி வந்து பார்க்கிறபோது அந்த அத்தி இல்லை. வெட்டித் தேயிலை போட்டுவிட்டார்கள். ஊற்றும் இல்லை. ஆழ வேரோடிப் பாறைக்குக் கீழே இருந்த தண்ணீரை மேலே வர வழிவிட்டது அந்த மரம்தான் என்று அவருக்கு விளங்கியது படித்த பிறகு. தாய்க்கு வேரும் நிலத்தடி நீரும் தெரியாது. கடவுளின் மரம் என்று தெரியும். காரியம் நடந்ததே!

இதைப் படிக்கிறபோது எனக்கு எங்கள் கொக்கட்டிச்சோலைதான் ஞாபகம் வந்தது. தான்தோன்றீஸ்வரர் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியது என்பார்கள். வெட்டினால் இரத்தம் வரும் என்று ஒரு கதையைச் சொல்லி வைத்த கிழவனோ கிழவியோ யாரென்று தெரியாது. வனபரிபாலனத்துக்கு அதைவிடக் கெட்டியான சட்டம் யாராவது எழுதியிருக்கிறார்களா?

அது மட்டுமில்லை. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்துகொண்டு பெயர்ப்பலகைகளை மட்டும் வாசித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நாவற்குடா. தாளங்குடா. மருதமுனை. சாய்ந்தமருது. காரைதீவு. கடைசியில் ஆலையடிவேம்பு. மற்றப் பக்கம் திரும்பினால் மாவடிவேம்பு, புன்னைக்குடா, வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி. படுவான்கரையில் மகிழடித்தீவு, ஈச்சந்தீவு, இலுப்படிச்சேனை, விளாவட்டவான். மட்டக்களப்பு நகரமே புளியந்தீவு. எங்கள் முன்னோர் ஊருக்குப் பேர் வைக்கவில்லை, அங்கே நின்ற மரத்தைக் கூப்பிட்டார்கள். இப்போது மகிழடித்தீவில் எத்தனை மகிழ மரம் நிற்கிறது? சாய்ந்தமருதில் சாய்ந்த மருது எங்கே? பனிச்சை மரத்தைக் காட்டுங்கள் என்றால் காட்டத் தெரிந்த பிள்ளை எத்தனை? நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன். கையே உயராது.

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு, அந்தத் தோல்விக்குப் பிறகு, இந்தப் பட்டியலைத்தான் கொடுத்தேன். மகோகனி வேண்டாம் மகன், ஊரின் பேரில் என்ன மரம் இருக்கிறதோ அதைத் தேடு என்றேன். விதை தேடி அலைந்தார்கள். அலைந்ததில்தான் ஊரைப் படித்தார்கள். இலுப்பை விதையை உடனே போட வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது என்று ஒரு கோயில் ஐயா சொல்லிக் கொடுத்தார். புன்னைக் கொட்டையின் ஓட்டை மெல்ல உடைத்துவிட்டுப் போட்டால் கெதியாய் முளைக்கும் என்று ஒரு மீனவர். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்.

வங்காரி செய்ததும் இதுதான். ஆனால் அவர் அதற்கு நேராய் வந்து சேரவில்லை. அவர் மிருக வைத்தியத் துறையில் ஆராய்ச்சி செய்தவர். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண், 1971இல். மாட்டு உண்ணியால் வருகிற ஒரு நோயைப் பற்றி ஆராய, உண்ணி பொறுக்கக் கிராமம் கிராமமாய்ப் போனார். போன இடத்தில் மழை பெய்தால் ஆறு செம்மண்ணாய் ஓடியது. மாடுகள் எலும்பாய் நின்றன. பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் மைல் கணக்காய் நடந்தார்கள். விறகு இல்லாததால் நெடுநேரம் வேகவைக்கிற தானியத்தை விட்டுவிட்டு, கெதியாய்ச் சமைக்கிற கடைச் சாமானுக்குப் போனார்கள். பிள்ளைகள் மெலிந்தார்கள். மரம் போனது, விறகு போனது, விறகோடு சாப்பாட்டின் சத்தும் போனது. எங்களுக்கு இது விளங்காமல் இல்லை. 2022இல் கேஸ் தட்டுப்பாட்டில் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வேலிக் கிளுவையை வெட்டி அடுப்பு மூட்டினோமே!

முதல் முயற்சி அவருக்கும் படுதோல்வி. கணவர் 1974 தேர்தலில் நின்றபோது வேலை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வென்றதும் மறந்துவிட்டார். அரசியல்வாதிகளுக்கு நாடு வித்தியாசமில்லை. மனைவிதான் மறக்கவில்லை. ஏழைகளுக்கு வேலை கொடுத்துப் பணக்காரர் வீட்டுத் தோட்டங்களில் மரம் நடுகிற ஒரு கம்பனி தொடங்கினார். பணக்காரர் முற்பணம் தரவில்லை, வேலைக்கு வருகிறவர்களிடம் பஸ் காசு இல்லை. வறட்சி வந்தது, தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது, நாற்றுமேடையிலேயே கன்றுகள் வாடின. அதற்குப் பிறகுதான் 1977இன் அந்த ஏழு மரம்.

பிறகு அவர் நாட்டின் வன அதிகாரியிடம் போய்ச் சொன்னார், கென்யாவில் 1 கோடி 50 இலட்சம் சனம், ஆளுக்கொரு மரம் நடப் போகிறோம், கன்று வேண்டும் என்று. அதிகாரி சிரித்தார். எவ்வளவும் எடுங்கள், இலவசம் என்றார். பெண்கள் எங்கே நடப் போகிறார்கள் என்ற எண்ணம். ஒரு வருஷம் ஆகவில்லை, ஐயோ இனிமேல் காசு தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு கன்று போய்விட்டது!

அப்போதுதான் பெண்கள் தாங்களே கன்று உண்டாக்கத் தொடங்கினார்கள். படித்த வன அதிகாரிகள், இது தொழில் தெரிந்தவர்கள் செய்கிற வேலை என்றார்கள். பயிர் வைத்துப் பிள்ளை வளர்த்த பெண்களுக்கு விதை போடத் தெரியாதா? உடைந்த பானையில் மண் போட்டு, ஆடும் கோழியும் எட்டாத உயரத்தில் வைத்து, கிட்ட நின்ற காட்டிலேயே விதை பொறுக்கிப் போட்டார்கள். பட்டம் இல்லாத வனவியலாளர்கள் என்று வங்காரி அவர்களுக்குப் பேர் வைத்தார்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் பெண்களுக்கு இயக்கம் சிறு தொகை கொடுத்தது. ஒரு மரத்துக்கு அமெரிக்கக் காசில் ஏறத்தாழ நாலு சதம். நட்டதற்கு இல்லை. நட்ட மரம் பிழைத்து நின்றால் மட்டும். ஆள் போய்ப் பார்த்து, எண்ணி, அதற்குப் பிறகுதான் காசு.

இந்த ஒரு நிபந்தனையை எங்கள் ஊருக்குக் கொண்டு வந்தால் எத்தனை பதாகை தப்பும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் நட்டதைத்தான் எண்ணுகிறோம். ஆயிரம் கன்று, பத்தாயிரம் கன்று, இலட்சம் கன்று. அறிக்கை போகிறது, படம் போகிறது. அடுத்த வருஷம் அதே குழியில் இன்னொரு கன்று. எனக்கு ஒரு இடம் தெரியும், மூன்று வருஷம் மூன்று அதிதி ஒரே குழியில் நட்டார்கள். குழி மட்டும் நன்றாய் வளர்ந்திருந்தது.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமில்லை, நாட்டுக் குறை. அதைச் சொல்ல 2004க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் டிசம்பர் 10ஆம் திகதி ஒஸ்லோ நகரத்தில் வங்காரி நோபல் பரிசை வாங்கினார். நன்றியுரையின் கடைசியில் அந்த ஊற்றின் கதையைத்தான், தவளை முட்டையின் கதையைத்தான் சொன்னார். பதினாறு நாள் கழித்து, டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கரைக்குக் கடல் வந்தது. நாவலடி, கல்லடி, கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில்… இந்தப் பெயர்களை நான் சொல்ல உங்களுக்குள் யார் யாருடைய முகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் மேலே சொல்லவில்லை.

கரையோரச் சேற்றில் வளர்கிற கண்டலும் கண்ணாவும் நின்ற இடத்தில் அலையின் வேகம் குறைந்தது என்று பிறகு பலரும் எழுதினார்கள். உடனே நாடு முழுக்கக் கண்டல் நடுகிற அலை ஒன்று வந்தது. வெளிநாட்டுக் காசு, படகு, சேற்றில் இறங்கி நிற்கிற படங்கள். சவுக்கு மரமும் கடற்கரை நெடுக நட்டார்கள். கண்டலுக்கு என்ன நடந்தது? இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. 9 இடங்களில் ஒரு கன்று கூட உயிரோடு இல்லை. 1000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தப்பியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர். கணக்குப் போடுகிறீர்களா? அதுவும் கிட்டத்தட்ட நூற்றுக்கு 20. வங்காரியின் ஏழு மரத்தைவிடக் குறைவு.

காரணம் கன்றின் குறையில்லை. கண்டல் மரம் ஒரு தனிப் பிறவி. அதன் விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, பழுத்ததும் கழன்று சேற்றில் விழும். பொறுக்கிக் குத்துகிறது சுலபம் என்பதால் எல்லாரும் அதையே குத்தினார்கள். எப்போதும் தண்ணீர் நிற்கிற இடத்திலும் குத்தினார்கள். உப்புத் தரையிலும் குத்தினார்கள். வாவிக்கரையில் பிறந்தவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், கண்டல் நிற்கிற இடம் வேறு, கண்ணா நிற்கிற இடம் வேறு, கிண்ணை வேறு, தில்லை மேட்டுப் பக்கம் வரும் என்று. கண்ணில் பால் பட்டால் பார்வையைக் கெடுக்கிற மரம் தில்லை, அதை வெட்ட யாரும் கிட்டப் போகாததால் அது தன்பாட்டில் நிற்கிறது.

மட்டக்களப்பு வாவியில் கண்டல் எப்படிப் போனது என்பதும் நாங்கள் அறிந்ததே. யுத்த காலத்தில் பாதுகாப்பு என்று கரையோரம் வெட்டினார்கள். இறால் பண்ணைக்கு வெட்டினார்கள். விறகுக்கு நாங்களே வெட்டினோம். பிறகு குப்பை போட்டு மூடினோம். பாடும் மீனைப் பற்றி மட்டும் ஒவ்வொரு மேடையிலும் பேசுகிறோம். மீன் பாடுகிறதோ இல்லையோ, குஞ்சு வளர்க்க அதற்குக் கண்டல் வேர் வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் வாவிக்கரையில் இப்போது பெரும்பாலும் நடுவதில்லை. பொலித்தீனை அள்ளுகிறார்கள். தண்ணீர் ஏறி இறங்குகிற வாய்க்காலை அடைத்துக் கிடக்கிற மண்ணையும் குப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். மாடு இறங்குகிற வழியில் வேலி போடுகிறார்கள். பிறகு விட்டுவிடுகிறார்கள். விதை தண்ணீரில் மிதந்து வந்து தனக்குப் பிடித்த இடத்தில் நிற்கிறது. படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை. ஒரு பொடியன் என்னிடம் குறைப்பட்டான்: "டீச்சர், குப்பை அள்ளுற படம் போட்டா ஆரும் பார்க்காங்க இல்ல." விடு மகன், அந்த வங்காரியின் தாய் சொன்ன மாதிரி அது தன்பாட்டில் செய்யும் என்றேன்.

வங்காரியிடமிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த ஏழில் தப்பிய இரண்டில் ஒன்று நந்தி ஃபிளேம் என்ற மரம். நோபல் செய்தி வந்த அன்றைக்கு, 2004 ஒக்டோபர் 8, கென்யா மலை தெரிகிற இடத்தில் அவர் முழங்காலில் இருந்து நட்டதும் அதே இனம்தான். பூ நெருப்பு மாதிரி இருக்கும். நீங்கள் கண்டிக்குப் போகிற வழியில் பார்த்திருப்பீர்கள், மலைச்சரிவில் செம்மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். எங்கள் நாட்டில் அது ஆக்கிரமிப்புத் தாவரம்! காற்றில் விதை பறந்து காட்டுக்குள் ஏறி மற்ற மரங்களை நெருக்குகிறது. அவர் ஊரில் அது ஊர் மரம், எங்கள் ஊரில் வந்தேறி. ஆகவே அவருடைய மரத்தை எடுக்க முடியாது. ஜூன் மாதத்தையும் எடுக்க முடியாது. உடைந்த பானையை எடுக்கலாம். எண்ணுகிற முறையை எடுக்கலாம்.

இன்னொன்றும் எடுக்கலாம், ஆனால் அது விலை கூடியது. 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவுக்குள் 60 மாடிக் கட்டடம் ஒன்று கட்ட ஆளும் கட்சி வெளிக்கிட்டது. வங்காரி கடிதம் எழுதினார். நீதிமன்றத்துக்கும் போனார். பாராளுமன்றத்தில் எழும்பி நின்று, இது வாழாவெட்டிப் பெண்களின் கூட்டம் என்று பரிகசித்தார்கள். அலுவலகத்தை விட்டு ஒரே நாளில் எழுப்பினார்கள். வெளிநாட்டார் காசு போடாமல் விலகியதும் கட்டடம் நின்றது. 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார் அதே பூங்கா மூலையில் பிள்ளைகளை விடச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தபோது வங்காரியும் போய் அவர்களோடு குந்தினார். பொலிஸ் அடித்ததில் மயங்கி விழுந்தார். தாய்மார் தேவாலயத்துக்குள் போய் இருந்து, ஒரு வருஷத்துக்குக் கிட்ட அங்கேயே கிடந்து, பிள்ளைகளை மீட்டார்கள். கொட்டகையில் மடியில் படத்தோடு இருக்கிற தாய்மாரை அறிந்த ஊர் இது. நான் விளக்க வேண்டியதில்லை. 1999இல் கரூரா காட்டைக் காக்கப் போய்த் தலை உடைந்தபோது, வழிந்த இரத்தத்தைத் தொட்டுத்தான் பொலிஸ் முறைப்பாட்டில் கையொப்பம் வைத்தார். மரம் நடுகிற ரீச்சரம்மா என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதில்.

2011 செப்டம்பர் 25இல் காலமானார். தன்னை மரப்பெட்டியில் வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். மூங்கில் சட்டத்தில், கோரையும் ஆற்றுவாழையும் பின்னிப் பெட்டி செய்தார்கள். ஆற்றுவாழை! எங்கள் குளத்தையும் ஆற்றையும் மூடிக் கிடக்கிற அதே ஊதாப் பூச் சனியன்தான். ஒக்டோபர் 8ஆம் திகதி, நோபல் செய்தி வந்து சரியாய் ஏழு வருஷம் நிறைந்த நாளில், அவர் காப்பாற்றிய அதே உகுரு பூங்காவில் அரச மரியாதை நடந்தது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் தம்பி கை காட்டுகிறார். இன்னும் ஒரு நிமிஷம்.

எனக்குப் பதினைந்து வயதில் 1978 சூறாவளி. நவம்பர் 23 இரவு. விடிந்து வெளியே வந்து பார்த்தபோது, எங்கள் வளவில் நின்றுகொண்டு கடலைக் கண்டேன். அதுவரை வீட்டிலிருந்து கடலை நான் கண்டதில்லை. இடையில் நின்ற தென்னை எல்லாம் படுத்துவிட்டன. என் அப்பாச்சி கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றா. மறுகா ஒரு வார்த்தையும் பேசாமல் குசினிப் பக்கம் விழுந்து கிடந்த தேங்காய்களைப் பொறுக்கி, நெற்றாய்ப் பார்த்து, ஒரு மூலையில் நாற்றுக்கு அடுக்கத் தொடங்கினா. சமைக்க அரிசி இல்லை. அவ நாற்றுப் போட்டா. அன்றைக்கு எனக்கு அது பைத்தியமாய்ப் பட்டது. அதில் வந்த மரங்களில் ஆறு இன்றைக்கும் காய்க்கிறது. எத்தனை அடுக்கினா என்று நான் எண்ணவில்லை.

எங்கள் பிள்ளைகளின் கணக்கு இது. போன மாரியில் 64 கன்று நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு பொறுப்பு. கன்றுக்கு அடியில் தென்னம் பொச்சு, பக்கத்தில் சின்ன ஓட்டை போட்ட மண்முட்டி, கட்டாக்காலி மாட்டுக்கு முள்வேலி. கச்சான் காற்று முடிந்து போய் எண்ணினோம். 41 நிற்கிறது. செத்த 23க்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறோம். மாடு 9, றோட்டு வேலைக்காரரின் இயந்திரம் 6, தண்ணீர் ஊற்ற மறந்தது 5. மூன்றைக் களவாய்ப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது எங்கேயோ ஒரு வளவில் நன்றாய் நிற்கும் என்று நம்புகிறேன்.

ஆட்டுக்காரப் பெண் இப்போது எங்கள் நாற்றுமேடையைப் பார்க்கிறாள். ஆடு எந்த இலையைத் தின்னாது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இந்த முறை முதல் இரண்டு மழை பெய்து நிலம் ஊறியதும் தொடங்குவோம். மகிழும் பனிச்சையும் கைவசம் கொஞ்சம் இருக்கிறது. புளி நிறைய இருக்கிறது. வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டை வரம்புகளுக்குப் பனங்கொட்டை வேண்டும், வளவில் கிடந்தால் எரிக்காமல் உரப்பையில் கட்டி வையுங்கள், பிள்ளைகள் வந்து எடுப்பார்கள். வருகிறவர்கள் தொப்பி தேவையில்லை, ஒரு மண்வெட்டியும் ஒரு வாளியும் கொண்டு வாருங்கள். ஆனி மாதத்திலும் வாருங்கள், அந்த வாளியோடு.

வணக்கம்.